அடுப்பில்லாத வீட்டுக்காரி

1989 ஜூன் 12, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எழுந்தேன். கைப்பம்பில் தண்ணீர் அடித்துத் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்தேன். அண்ணிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டேன். அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்து வாரம் முழுவதும் விடுப்பு எடுத்திருந்தேன். நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் ஆறு மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தன. மாத்திரை போட்டால் அன்றைக்கு மட்டும் அடங்கும். ஒன்பது மணிக்கு இரண்டு புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டு குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன்.

போனது என் தோழி வீட்டுக்கு. அதற்கு முந்தைய மாதம் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் அவளைப் பார்த்தேன். என் நெஞ்செரிச்சலைக் கேட்டதும், "எங்கிட்ட வந்து நாலு நாள் இருடி. சமைக்காம சாப்பிடக் கத்துத் தரேன். மாத்திரையெல்லாம் குப்பைல போட்டுடலாம்" என்றாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளும் அவள் கணவரும் இன்னும் இருக்கிறார்கள்.

முடிச்சூர் அப்போது பாதி வயல், பாதி மனை. நெல் விளைந்த இடத்தில் மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள் நட்டிருந்தன. அவர்கள் வீடு புதியது. கிழக்குப் பக்கம் ஒரே ஒரு பக்கத்து வீடு. மற்ற மூன்று பக்கமும் வெட்டவெளி.

"வாடி. செருப்பை அங்கேயே விடு. என்ன சாப்பிட்டுட்டு வந்த?"

"ரெண்டு இட்லி."

"அதான் கடைசி இட்லி" என்று சிரித்தாள்.

அவள் சிரிப்பு அழகானது. பல் தெரியாது, கன்னத்தில் மட்டும் குழி விழும். புடவைத் தலைப்பை எப்போதும் இடுப்பில் செருகி, தலையைப் படிய வாரி, நெற்றியில் சரியாக நடுவில் பொட்டு வைத்திருப்பாள். அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதே இல்லை. ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்திருக்கிறோம்.

அந்த ஹாஸ்டல் நாட்களிலேயே ஒன்று நடந்தது. எங்களோடு மூன்றாவதாக ஒரு பெண் இருந்தாள். இவளுடைய அரக்குப் பட்டுப்புடவையைக் கேட்காமலே எடுத்துக் கட்டிக்கொண்டு போவாள். சினிமாவுக்கு, கோவிலுக்கு, யாராவது வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு. ஒரு தடவை பார்டரில் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. நான்தான் கொதித்தேன். இவள் புடவையை உதறி மடித்துவைத்துவிட்டு, "விடுடி, ஊறட்டும்" என்றாள். எதற்கும் அவள் சொல்வது அதுதான். பல மாதம் கழித்து அந்தப் பெண்ணைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அன்று காலை அந்தப் பெண் இவள் பெட்டியைத் திறந்தால் புடவை இல்லை. "அடடா, நேத்துதான் சலவைக்குப் போட்டேன். உனக்கு இன்னைக்கு வேணும்னு எனக்குத் தெரியாதே" என்றாள் என் தோழி, கன்னத்தில் குழி விழ. பிறகு தன்னுடைய வெளுத்த நூல் புடவை ஒன்றைத் தானே எடுத்து, மடிப்பு மடிப்பாக அந்தப் பெண்ணுக்குக் கட்டிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து பதில் வரவில்லை.

முடிச்சூர் வீட்டுச் சமையலறை சுத்தமாக இருந்தது. கரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மேடையில் அடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஈரத்துணியில் கட்டிய பயறு மூட்டைகள் இருந்தன. காஸ் கனெக்ஷனுக்குப் பதிந்துவிட்டு ஊரே வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அவள் தன்னிடம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். முந்தைய ஆவணியிலிருந்து அந்த வீட்டில் தீக்குச்சி கிழிக்கப்பட்டது சாமி விளக்குக்கு மட்டும்தான்.

நல்ல ஆசிரியை. அதைச் சொல்லியாக வேண்டும். வெண்பூசணியைத் தோல் சீவி, விதை நீக்கித் துருவி, சாற்றைப் பிழிந்து தனியாக எடுக்கவேண்டும். அது காலையில் வெறும் வயிற்றில் குடிப்பதற்கு. சக்கையில் தேங்காய்த் துருவலும் கொத்துமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் பச்சடி. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கும்போது வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கவேண்டும். நறுக்கியதை உடனே எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். அவலைத் தண்ணீரில் முக்கக் கூடாது. இரண்டு தடவை அலசி, வடித்து, மேலே கை ஈரம் மட்டும் தெளித்து மூடிவைக்க வேண்டும். நான் அவசரப்பட்டு மூடியைத் திறந்தபோதெல்லாம் என் கையைத் தட்டினாள். "ஊறட்டும்டி." இன்றும் நான் அவலை அப்படித்தான் ஊறவைக்கிறேன். உதிரி உதிரியாக வருகிறது.

தாளிப்பு கிடையாது. பால் காய்ச்ச வேண்டியிருப்பதால் தயிரும் கிடையாது. பாயசத்துக்கு அவள் வெல்லத்தைத் தட்டிப் போட்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது. எதையும் சரியாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

"ஏண்டி, வெல்லமும் காய்ச்சினதுதானே? அவலும் வறுத்து இடிச்சதுதானே?"

"ஆமா."

"அப்ப?"

"அது எங்க வீட்டு அடுப்புல காய்ச்சினதில்லையே" என்றாள்.

மத்தியானம் அவள் கணவர் சாப்பிட வந்து உட்கார்ந்தார். ரிட்டையர் ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நெடுநெடுவென்று, கழுத்து நரம்பு தெரிய மெலிந்திருந்தார். தட்டில் முளைகட்டிய பயறு, பூசணிப் பச்சடி, இரண்டு மாம்பழத் துண்டு, ஒரு மூடித் தேங்காய். அவர் வலதுகை விரலின் பின்பக்கத்தைப் பச்சடியில் ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகுதான் சாப்பிடத் தொடங்கினார். அந்தச் செய்கையை நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

அது பல்லாவரத்தில், 1974 அல்லது 75. அந்த வருட டைரி என்னிடம் இல்லை. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது; அங்கே வாடகை வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் நான் பார்க்கப் போயிருந்தேன். அவர் வரும் ரயிலின் சத்தம் கேட்டதுமே அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் நேராகத் தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றில் ஆவி பறக்க வேண்டும், குழம்பு கொதிக்கும்போதே விழ வேண்டும். விரலின் பின்பக்கத்தைச் சோற்றில் வைத்துப் பார்த்தார். நான் இருந்ததால் பேச்சில் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகியிருக்க வேண்டும். தட்டு பறந்து காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் மோதியது. "நாய்க்கு வைக்கிற மாதிரி ஆறின சோறா?" என்றார். கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் தேங்காய் நாரை எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சாப்பிடுடி, ஆறிடப் போவுது" என்றாள்.

இன்னொரு வருடம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைப்பால் இடதுகையை மூடியே வைத்திருந்தாள். பரிமாறுகிறவர் மோதித் தலைப்பு விலகியபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெந்து சுருங்கியிருந்தது தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து, "ரசம்" என்றாள். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ரிட்டையர் ஆன வருடத்தில் அவருக்குச் சர்க்கரை வந்தது. கூடவே இரத்தக் கொதிப்பு. டாக்டர், "எண்ணெயைக் குறைங்க, பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுங்க" என்று சொன்னார். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மற்றதை அவள் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரின்மேல், நல்ல வெயிலில், ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் மூடி வைத்திருந்தது. ஏதோ பூஜைக்கு என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அவர் மேலே வந்தார். துண்டால் பிடித்து டம்ளரை எடுத்தார். ஊதி ஊதிக் குடித்தார். ஊதுகிற அளவு சூடு அதில் இருந்திருக்காது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"தொண்டைக்கு இதமா இருக்கும்மா. காபின்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

மறுநாள் அதே நேரத்தில் நான் போனபோது டம்ளர் படிக்கட்டுக் கூரையின் நிழலில் இருந்தது. அவள் கொடியில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல வச்சா பித்தளை களிம்பு ஏறிடும்டி. இவருக்கு அதெல்லாம் எங்க தெரியுது" என்றாள்.

டீக்கடைக் கதையை அவளே எனக்குச் சொன்னாள், வாழைத்தண்டு நறுக்கும்போது. அவர் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறித் தாம்பரம் போய், பஸ் நிலையத்துக்கு எதிரே டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டிருக்கிறார். சட்டைக் காலரில் வெங்காய வாசனை. இவள் கேட்கவில்லை. அடுத்த நாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அந்த வரிசையில் இருந்த ஒவ்வொரு கடைக்கும் போய்க் கும்பிட்டிருக்கிறாள். "அண்ணா, எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முத்திப்போச்சு. நீங்க குடுக்கற ஒரு டீல அவர் காலை எடுக்க வேண்டி வந்துட்டா அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்குண்ணா?" அதற்குப் பிறகு ஒரு கடையிலும் அவருக்கு டீ கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர், "பெரியவரே, மகராசி மாதிரி சம்சாரம். அந்தம்மா மனசைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்று நான்கு பேர் எதிரே புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்லும்போது என் தோழி கத்தியை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பக்கத்து வீட்டம்மா அந்த ஊரின் பழைய குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றபிறகும் எருமை வைத்திருந்தாள். மதிற்சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னை விசாரித்தாள்.

"இன்னாம்மா, நீயும் தழை துன்றதுக்கு வந்துகீறியா?"

"நாலு நாள்தாங்க."

"அதுக்கே எளச்சிட்ட மாதிரி கீது. அன்னிக்கு நெத்திலி கொயம்பு வச்சேன். வூட்டுக்காரரு இங்க செவுத்தாண்ட வந்து நின்னுகினு மோப்பம் புட்ச்சிகினு கீறாரு. பாவமா இருந்திச்சின்னு ஒரு கிண்ணில ஊத்திக் குட்தேன். உன் பிரெண்டு சிரிச்சிகினே வந்து அவரு கைல இருந்து வாங்கி, 'வேணாங்க்கா, இவருக்கு ஆவாது'ன்னு திருப்பிக் குட்த்துச்சி. கோவமா ஒரு வார்த்த சொன்னாகூடப் பரவால்ல. அந்தச் சிரிப்பப் பாத்தா எனுக்கே பேஜாரா பூட்ச்சி."

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மொட்டை மாடியில் அவர் என்னிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அவருடைய அம்மாவின் திதி.

"அன்னைக்கு அடுப்பு ஏத்தித்தானேம்மா ஆகணும்? எங்கம்மாவுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புன்னா உசிரு. உளுந்து வடை, பாயசம், பருப்பு. இலையில ஆவி பறக்கணும். காக்கா வந்து எடுத்தப்புறம் மிச்சமெல்லாம் பிரசாதம். அதை வேணாம்னு சொல்ல முடியாது, யாராலயும்."

'யாராலயும்' என்றபோது கீழே சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். இத்தனை மாதமும் அவர் அந்த ஒரு நாளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை காலை அவரே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தார். ஊதா நிறம், கட்டைவிரல் பருமன், காம்பு பச்சையாக. அவள் பையை வாங்கிப் பார்த்து, "நல்ல பிஞ்சு. உங்க அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "ஸ்டவ்வுக்கு என்ன பண்ணப் போற? பக்கத்து வீட்டம்மாகிட்ட நான் வேணா கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"நாளைக்குச் சமைக்கணுமே."

அவள் பயறு அலசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள்தானேடி. செத்துப்போனவங்களுக்காக."

அவள் வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டாள். இடதுகையில் அந்தத் தழும்பு வெளுத்து, பளபளப்பாக, பழைய துணி மாதிரி மடிந்து கிடந்தது.

"அந்த அம்மாவும் எங்களோடதான் இருந்தாங்க, பல்லாவரத்துல" என்றாள். "கூடத்துல உக்காந்திருப்பாங்க. தட்டு விழற சத்தம் கேட்டா, 'ஆம்பளைக்குப் பசி தாங்காதும்மா, நீதான் நேரம் பாத்து வைக்கணும்'பாங்க. கையில ரசம் விழுந்த அன்னைக்கும் அதைத்தான் சொன்னாங்க. மாவு அரைச்சுக்கிட்டே சொன்னாங்க." பயறை வடிகட்டித் துணியில் கொட்டினாள். "இருபது வருஷத்துக்கு மேல சூடாத்தாண்டி போட்டேன். போதும்."

வியாழக்கிழமை விடியற்காலை அவர் குளித்து, தர்ப்பணம் கொடுக்கக் கோவிலுக்குப் போனார். நாங்கள் இருவரும் வேலையைத் தொடங்கினோம். நான் தேங்காய் துருவிப் பால் எடுத்தேன். அவள் பாசிப்பருப்பை ஊறவைத்து வடித்தாள். அவல் பாயசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டாள். மாமியாரின் படத்துக்கு முன் தலைவாழை இலை விரித்து, கழுவிய பச்சரிசி ஒரு குவியல், ஊறின பருப்பு, தோல் சீவாத வாழைக்காய், வெல்லம், தேங்காய், மாம்பழம் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசியில் கத்தரிக்காய்களை நீர் சொட்டச் சொட்டக் கழுவி, காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி இலையின் நடுவில் அடுக்கினாள். கோலம் போடுகிறவள் போலக் கொஞ்சம் பின்னால் நின்று சரிபார்த்தாள்.

அவர் திரும்பி வந்து வாசல் கேட்டிலேயே நின்றார். முகத்தை உயர்த்தி மூச்சை இழுத்தார். வாசனை எதுவும் இல்லை. உள்ளே வந்து இலையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"படையல்."

"பச்சையா?"

"கோவில் குருக்கள்கிட்டக் கேட்டுட்டேன். சமைக்க வழியில்லாதவங்க அரிசி, காய் எல்லாத்தையும் அப்படியே படைக்கலாமாம். பெரியவங்க ஏத்துப்பாங்களாம்."

"சமைக்க வழியில்லாதவங்களா நாம?"

"நம்ம வீட்டுலதான் அடுப்பு இல்லையே" என்றாள்.

அவர் கை இலையின் ஓரத்துக்குப் போனது. கழுத்து நரம்பு புடைத்தது. பல்லாவரத்தில் தட்டை எடுத்தபோது அவர் தோள் எப்படித் திரும்பியதோ அப்படியே திரும்பியது. நான் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். அவள் ஒதுங்கவில்லை. இலைக்கு அந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தூக்கிப் போடுங்க" என்றாள். "உங்க அம்மா பாத்ததுதானே. இன்னொரு தடவை பாக்கட்டும்."

படத்தில் அந்த அம்மாள் மூக்குத்தியோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் கை தானாகக் கீழே வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காக்கா தொடட்டும், பாக்கலாம். தொடலைன்னா எங்கம்மாவுக்கு இது பிடிக்கலைன்னு அர்த்தம். அப்ப சமைச்சாகணும்."

"சரி" என்றாள் உடனே. "தொடலைன்னா நானே போய் பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஸ்டவ் வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் சமைக்கறேன். கத்தரிக்காயில எண்ணெய் மிதக்க மிதக்க."

அவள் சொன்னால் செய்வாள். அவருக்கும் அது தெரியும்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் சிறு இலையில் எடுத்துக்கொண்டு அவர் மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்ச் செம்போடு நான் பின்னால் போனேன். கைப்பிடிச் சுவரில் இலையை வைத்து, நீர் சுற்றி, கும்பிட்டுவிட்டு நான்கு அடி தள்ளி நின்றார். "கா... கா..." என்று கூப்பிட்டார். குரல் எழும்பவே இல்லை. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் மூன்று காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது.

அது பறந்து வந்து சுவரில் உட்கார்ந்ததும் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காக்கை எழும்பிப் போய்விட்டது. "கா... கா..." என்றார் மறுபடியும். இன்னொன்று வந்தது. மறுபடியும் துண்டால் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் அகலமாக வீசி. அதுவும் போய்விட்டது. மூன்றாம் முறையும் அப்படியே நடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கை விரட்டிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் துண்டைக் கீழே போடவில்லை. 'சொல்லிடாதம்மா' என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

"ஏங்க."

அவள் படிக்கட்டின் மேல்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"யாரை விரட்டறீங்க?"

அவர் துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மா வந்திருக்காங்க. வருஷத்துல ஒரு நாள், பசியோட வந்திருக்காங்க. பெத்த பிள்ளையே துண்டை வீசி விரட்டலாமா?" குரலில் கோபம் இல்லை. ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னாள். "அந்தத் துண்டை இப்படிக் குடுங்க."

கொடுத்தார். அவள் அதை மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்துத் தானே கூப்பிட்டாள். "அத்தை... வாங்க அத்தை... கா... கா..." அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். பக்கத்து வீட்டம்மா எருமைத் தொட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று காக்கைகளும் வந்தன. ஒன்று தேங்காய்க் கீற்றைத் தூக்கியது. இன்னொன்று பச்சரிசியைக் கொத்தியது. அவர் கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்; அதையாவது விட்டுவிடாதா என்று நினைத்திருப்பார். மூன்றாவது, அந்தச் சின்னக் கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்தது. அவள் கண்களை மூடி, கைகூப்பி நின்றாள். அது நடிப்பு இல்லை. உண்மையாகவே கும்பிட்டாள்.

"ஏத்துக்கிட்டாங்க" என்றாள். "வாங்க, சாப்பிடலாம்."

அவருக்கு இலை போட்டு, படையலில் இருந்ததை எடுத்துப் பரிமாறினாள். மீதிக் கத்தரிக்காய்களை மெல்லிய வில்லைகளாக அரிந்து, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். "அத்தைக்குப் பிடிச்சது. மிச்சம் வைக்கக் கூடாது." அவர் மென்றார். பச்சைக் கத்தரிக்காயின் காறல் எனக்கு நாக்கில் ஏறி, இரண்டாவது வில்லையை விழுங்க முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் தின்று முடித்தார். இந்த முறை விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கா?"

"இருக்கு" என்றார்.

மத்தியானம் அவர் தூங்கினார். நாங்கள் கூடத்தில் தரையில் படுத்திருந்தோம். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் நெஞ்செரிச்சல் நான்கு நாளாக இல்லை என்பதை அவளிடம் சொன்னேன். உண்மை அது. அவள் மகிழ்ந்தாள்.

"இவருக்கும் சர்க்கரை பாதியா இறங்கிடுச்சுடி. பிரஷர் நார்மல். டாக்டரே, 'எப்படிம்மா பண்ணீங்க?'ன்னு கேக்கறார்."

"அவரைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு."

"எதுக்கு? ஆஸ்பத்திரி இல்ல, ஊசி இல்ல. இவர் வயசுல இவரோட வேலை பாத்தவங்க ரெண்டு பேர் போயாச்சு, தெரியுமா? நான் இவரை அப்படிச் சீக்கிரம் விட்டுட மாட்டேன்." என் பக்கம் புரண்டு படுத்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. "நூறு வயசு இருக்கணும்டி. நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்குவேன்."

அவள் உடனே தூங்கிப்போனாள். குறட்டை இல்லாத, சீரான தூக்கம்.

மறுநாள், ஜூன் 16, வெள்ளிக்கிழமை. நான் எழுந்து முகம் கழுவும்போது வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே முதல் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருக்கிறார். சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து, பையிலிருந்து ஒரு சுரைக்காயை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"இன்னைக்கு இது பண்ணலாமேன்னு" என்றார்.

அவள் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தைத் தோலில் வைத்து அழுத்தினாள். இன்னோர் இடத்தில் அழுத்தினாள்.

"நகம் இறங்கலைங்க. முத்தல். மாத்திட்டு வாங்க."

அவர் சுரைக்காயைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.